கினுவே அம்மா வீட்டில் தியானப்பூ

ஹகுபா
மார்ச், கூரைப் பனி உருகும் நாள்

அன்புள்ள ஷூஹெய் அண்ணாவுக்கு, கஸுயோவின் வணக்கம். நகோயாவில் உனக்கும் அண்ணிக்கும் உடம்பு நலம்தானே? இங்கே பனி பாதி போய்விட்டது, என் இருமல் முழுதாகப் போய்விட்டது.

எழுபத்தெட்டு வயதில் நம் அப்பா, ஒரு பெண்மணிக்குப் பரிசு கொடுக்க நினைத்து, உலகத்தில் உள்ள பூக்களையெல்லாம் விட்டுவிட்டு நாறுகிற பூ ஒன்றை ஏன் தேர்ந்தெடுக்கிறார்? எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவள் என்று என்னிடம் கேட்காதே. அங்கே இதைச் சொல்லித்தரவில்லை.

நடந்தது இதுதான். முதியோர் உடற்பயிற்சிக் குழுவில் கினுவே அம்மா என்று ஒருவர். தையற்கடை வைத்திருந்தாரே, அவர்தான். கணவர் போய் நான்கு வருடம் ஆகிறது. பிப்ரவரியில் காதலர் தினத்தன்று குழுவின் ஆண்கள் எல்லோருக்கும் வழக்கம்போலக் கடமைக்குச் சாக்லேட் கொடுத்தார். எல்லோருக்கும் சிவப்பு ரிப்பன், அப்பாவுக்கு மட்டும் நீலம். அப்பா அந்த ரிப்பனை இரண்டு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார், பிறகு கடமைச் சாக்லேட் எது, மனசாரக் கொடுக்கும் சாக்லேட் எது என்று என்னிடம் பொதுவாக விசாரித்தார். பொதுவாக! மார்ச்சில் ஆண்கள் பதில் மரியாதை செய்யும் நாள் வந்ததும் மற்றவர்கள் கடையில் பிஸ்கட் வாங்கினார்கள், இவரோ நம் வயலோரச் சதுப்பில் தன் சூட்டாலேயே பனியை உருக்கிக்கொண்டு வந்த தியானப்பூ ஒன்றை, நீ சின்ன வயதில் குகைக்குள் உட்கார்ந்திருக்கும் சாமியார் என்பாயே அதையேதான், வேரோடு தொட்டியில் எடுத்துவைத்து நேரில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

கினுவே அம்மா அதை வரவேற்பறையில் சாமிப் படத்துக்குக் கீழே மரியாதையாக வைத்தார். குளிர்காயும் மண்ணெண்ணெய் அடுப்பின் சூட்டில் சாமியார் தன் குணத்தைக் காட்டிவிட்டார். தெருவில் வீடு வீடாகச் சுற்றும் அறிவிப்புப் பலகையைக் கொண்டுவந்த பக்கத்து வீட்டம்மா வாசலிலேயே மூக்கைச் சுளித்து, "குளிர் இன்னும் விடலியேங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். அடுத்தவர் வீட்டு நாற்றத்தை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் நம் தெருவில் எவருக்கும் கிடையாது என்று உனக்கே தெரியும். ஆகவே எல்லோரும் கூடிப் பேசி, வழக்கமான பரிசோதனை என்ற சாக்கில் காஸ் கம்பெனி ஆளை வரவழைத்தார்கள். அவர் கருவியோடு அடுப்படி முழுக்கத் தவழ்ந்துவிட்டுக் கடைசியில் தொட்டி முன்னால் மண்டியிட்டாராம். "அம்மா, பூ ரொம்ப அபூர்வமா இருக்குங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து மூச்சு விட்டாராம்.

மறுநாள் குழுவில் ஒருவர், "கியூசாகு அண்ணே, உங்க காதலை அளக்க காஸ் கம்பெனி மீட்டரே பத்தலையாமே" என்றார். அப்பாவும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து கம்பளிக்குள் படுத்தவர், மாலையில் தலையை மட்டும் நீட்டி, "ஷூஹெய் கூப்பிட்டான்ல, அங்கயே போயிடறேன்" என்றார். இரண்டு வருடமாக நீயும் நானும் கெஞ்சியும் அசையாத மனிதர். பெட்டிகளை நானே கட்டினேன். இந்த வீட்டைவிட்டு ஒரு தடவை போனால் அவர் திரும்பி வரமாட்டார் என்று தெரிந்தே கட்டினேன்.

மன்னிப்புக் கேட்டுத் தொட்டியைத் திரும்ப வாங்கிவரலாம் என்று கினுவே அம்மா வீட்டுக்குப் போனேன். நாற்றத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் திகைத்துப்போனார். "நாத்தமா? கொரோனாவில போன மூக்கும்மா, இன்னும் வரல. யாரும் ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். பிறகு என் விரலைப் பிடித்துப் பூவின் நடுவே வைத்தார். "விடிகாலையில, அடுப்பு அணைஞ்சு வீடே ஜில்லுன்னு கிடக்கும். இது மட்டும் வெதுவெதுன்னு இருக்கும். தினம் தொட்டுப் பாத்துட்டுத்தான் எழுந்திரிப்பேன்." தொட்டியைத் தரவில்லை. நீல ரிப்பனைப் பற்றியும் நாசூக்காகக் கேட்டேன். சிவப்பு தீர்ந்துவிட்டதாம்.

ரிப்பன் விஷயத்தை அப்பாவிடம் சொல்லவில்லை. கினுவே அம்மாவுக்குப் பிடித்தது பூதான், அப்பா இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வா. அப்பாவுக்கு உப்பு குறைவாகப் போடும்படி அண்ணியிடம் சொல். எல்லோரும் குறைவில்லாமல் இருங்கள்.

அன்புத் தங்கை,
கஸுயோ

பி.கு.: இதைத் தபாலில் போடுமுன் மறுநாள் ஆகிவிட்டது. காலையில் கினுவே அம்மா தொட்டியைத் துணியில் மூட்டைகட்டித் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "கியூசாகு சான், இது ஆறிப்போச்சு. நான் கொன்னுட்டேனா?" பெட்டிகளுக்கு நடுவிலிருந்து அப்பா, "சாகல. வேலை முடிஞ்சுது, அவ்வளவுதான். மண்ணுல வச்சுட்டா அடுத்த வருஷமும் சூடாகும்" என்றார். "அடுத்த வருஷம் யாரு எனக்குக் காட்டுவா?" என்றார் அவர். அப்பா ஒரு பெட்டியில் நான் கட்டிய கயிற்றை அறுத்து ரப்பர் பூட்ஸை எடுத்தார். இருவரும் மண்வெட்டியோடு சதுப்புக்குப் போனார்கள். மதியச் சோற்றுக்கு வரவில்லை. மூன்று மணிக்கு முழங்கால் வரை சேற்றோடு வந்தார்கள். வண்டி வேண்டாம், அண்ணா. அப்பா இப்போது இன்னொரு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருக்கிறார், கினுவே அம்மாவுக்குக் காய்ந்த காலுறை தேடி.