ஆள் வருது!

வாசகரே, நிற்பவர், நடப்பவர், உட்காருபவர் என மனிதர்கள் மூன்றே வகையினர் என்று நீங்கள் இதுவரை நம்பியிருந்தால், நான்காவது வகையினரை இன்னும் சந்திக்கவில்லை என்று பொருள்; அல்லது, சந்தித்தும் அவர் யாரென்று அறியாமல், அவர் பிடித்துவைத்திருந்த நாற்காலியின் முன் தட்டும் கையுமாகத் தவித்திருக்கிறீர்கள் என்று பொருள். அவர்தான் இடம் பிடிப்பவர். உட்காருவது அவருடைய நோக்கமன்று. நாற்காலி ஒன்று உலகில் எங்கேனும் உரிமையாளர் இல்லாமல் கிடக்கிறது என்ற எண்ணத்தை அவரால் தாங்க முடியாது. அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் இவருக்குக் கோட்டை கொத்தளம் எதுவும் தேவையில்லை. ஒரு டிஷ்யூ பாக்கெட் போதும். உணவங்காடியின் மேசைமீது அந்தப் பொட்டலம் ஒன்று கிடந்தால், பசியால் கண் இருண்டவரும் அதைக் கண்டு விலகிச் செல்வார். நாம் அப்படி வளர்க்கப்பட்டவர்கள். இடம் பிடிப்பவர் அதை நன்கு அறிவார். ஆகவே பசி எடுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே மேசையைப் பிடித்துவிட்டு, அதன் பிறகு பசிக்காகக் காத்திருப்பார். திருமண விருந்தில் மணமக்கள் வந்து சேர்வதற்கு முன்பே காற்றாடிக்கு நேர்கீழே எட்டு நாற்காலிகள் அவர் வசமாகியிருக்கும். மருத்துவரின் மருந்தகத்தில் முதலில் வரிசை எண்ணை எடுத்துவிடுவார். தமக்கு என்ன நோய் என்பதை அதற்குப் பின்னரே நிதானமாக யோசிப்பார்.

"இங்கே யாராவது இருக்காங்களா?" என்று நீங்கள் பணிவோடு கேட்டால், அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். நாற்காலியைப் பார்த்தபடி, "ஆள் வருது" என்பார். எந்த ஆள்? எங்கிருந்து? எப்போது? அவற்றைக் கேட்கும் துணிவு யாருக்கு உண்டு? சற்றே துணிந்தவர்கள் கேட்டுவிட்டால், இரண்டாவது ஆயுதம் வெளிவரும்: "டாய்லட் போயிருக்காங்க." இதற்கு மேல் விசாரிப்பது நாகரிகம் ஆகாது என்பதால் நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள்.

இவ்வினத்தின் முழு வளர்ச்சி பெற்ற மாதிரி ஒருவரை உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். பெயர் சுவிசேஷமுத்து, வயது அறுபத்திரண்டு, பொங்கோல்வாசி. சிராங்கூன் சாலைக்குப் பின்புறத்தில் அமைந்த ஒரு சிறிய தமிழ் லுத்தரன் சபையில் இளைஞர் குழுவுக்குப் பொறுப்பாளர். அந்தக் குழு, தீவின் கிழக்குக் கோடியில் மாபெரும் கண்காட்சி மண்டபம் ஒன்றில் நடைபெறவிருந்த லுத்தரன் பெருமாநாட்டுக்குப் புறப்படத் திட்டமிட்டது. நாலாயிரம் பேர், பல நாடுகள், ஐந்து மொழிகள், மேலே ஒரு திரை, அதில் மனித முகம் ஒரு லாரி அளவுக்குத் தெரியும். அந்த மேடையில் தமிழில் வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு, குழுவின் செயலாளரான செரினாவுக்குக் கிடைத்திருந்தது.

செரினாவுக்கு வயது பத்தொன்பது. வாசிப்பில் குறையே இல்லை. கூட்டத்தைக் கண்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும். சென்ற கிறிஸ்துமஸ் ஆராதனையில் மூன்றாம் வசனத்தோடு நின்றுபோய், மிச்சத்தைச் சபைப் போதகரான ஐயர் வந்து வாசித்து முடித்ததைச் சபையார் இன்னும் மறக்கவில்லை. மறந்தவர்களுக்கு மற்றவர்கள் நினைவூட்டிக்கொண்டும் இருந்தார்கள். இந்த முறையும் நின்றுபோனால் இனி ஒலிவாங்கிப் பக்கமே வருவதில்லை என்று அவள் தீர்மானித்திருந்தாள்.

"அங்கிள், எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும்," என்றாள் அவள். "நான் நிமிர்ந்து பார்த்தா நம்ம ஆளுங்க முன்னாடி இருக்கணும். இருந்தா படிச்சிடுவேன். இல்லேன்னா அவ்வளவுதான், முடிஞ்சுது."

சுவிசேஷமுத்து நெஞ்சை நிமிர்த்தினார். இதற்காகவே பிறந்தவர் அல்லவா? "நடுவுல முன் ரெண்டு வரிசை. இருபத்து நாலு சீட். நான் இருக்கேன், நீ கவலைப்படாதே."

"ஃப்ரன்ட் ரோவா?" என்று அலறினான் மேக்ஸ்வெல். அவன் குழுவின் கிட்டார்க்காரன். "வேணாம் லா அங்கிள்! கேமரா நேரா மூஞ்சியில வரும். கண்ணை மூடினா ஜெபமா தூக்கமான்னு எங்கம்மா வீட்டுல கேப்பாங்க."

அவன் அஞ்சியதில் வியப்பில்லை. இந்தச் சபைப்பிரிவைத் தோற்றுவித்த லுத்தர் தொண்ணூற்றைந்து குறிப்புகள் எழுதினார்; அவற்றுள் முன்வரிசையில் உட்காரலாகாது என்று ஒன்றுகூட இல்லை. இருந்தும், உலகின் எந்த மூலையில் உள்ள லுத்தரன் ஆலயத்துக்குள் நீங்கள் நுழைந்தாலும் கடைசி வரிசைகள் நிரம்பி வழியும். முன்வரிசைகள் புதுச் சாயம் பூசியவை போல் தீண்டப்படாமல் பளபளக்கும். சுவிசேஷமுத்துவேகூட முப்பதாண்டுகளாகக் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் அமர்ந்து வருபவர்தான். அந்த இடத்தையும் அவர் சனிக்கிழமை மாலையே ஒரு குடையை வைத்துப் பிடித்துவிடுவார்.

மாநாட்டு நாளன்று இளைஞர்கள் ஒன்பது மணிக்குப் பேருந்தில் வருவதாக ஏற்பாடு. இவரோ பால் கலக்காத கோப்பி-ஓவை இரண்டு குவளை அருந்திவிட்டு, முதல் ரயிலைப் பிடித்து, மண்டபத்தின் கதவு ஏழு மணிக்குத் திறந்தபோது கதவோடு கதவாக உள்ளே விழுந்தார். தேக்காச் சந்தையில் வாங்கிய டிஷ்யூ பாக்கெட்டுகள் இருபத்து நான்கும் ஒரு துணிப்பையில் இருந்தன. அளவுகோல் வைத்ததுபோல், இருக்கைக்கு ஒன்றாக, ஒவ்வொரு நாற்காலியின் நட்டநடுவிலும் வைத்தார். பின்னர் முதல் வரிசையின் ஓரத்தில் அமர்ந்து, இரு கைகளையும் அகல விரித்து, மண்டபத்தை எதிரி நாட்டை நோக்குவதுபோல் நோக்கினார். மண்டபத்தில் அப்போது ஒலிபெருக்கி பொருத்துகிற இருவரைத் தவிர வேறொருவரும் இல்லை.

எட்டு மணிக்குமேல் கூட்டம் வரத் தொடங்கியது. கழுத்தில் அட்டை மாட்டிய தொண்டூழியன் ஒருவன் நெருங்கினான்.

"அங்கிள், இங்க ரிசர்வ் பண்ணக் கூடாது."

"ரிசர்வ் எங்கே பண்ணினேன்? ஆள் வந்தாச்சு. டாய்லட் போயிருக்காங்க."

"இருபத்து மூணு பேருமா?"

"நேத்து ஒரே இடத்துல சாப்பிட்டாங்க."

தொண்டூழியன் அந்தச் சபையின் உடல்நலத்தை எண்ணி முகம் சுளித்து அகன்றான். அடுத்து வந்தவர் புக்கிட் பாஞ்சாங்கைச் சேர்ந்த பிரிஜட் அம்மையார். எழுபது வயது, கையில் ஊன்றுகோல், அவருடைய சபையார் இன்னும் வந்துசேரவில்லை.

"தம்பி, ஓரமா ஒரு இடம் குடுப்பா. முட்டி வலிக்குது."

"ஆள் வருதுங்க ஆன்ட்டி."

"வந்தா எந்திரிச்சிடறேன்."

"நீங்க எந்திரிக்கறதுக்குள்ள அவங்க மனசு கஷ்டப்படுமே."

அம்மையார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். நேர்பின்னால் மூன்றாம் வரிசையின் முதல் நாற்காலியில் அமர்ந்தார். அங்கிருந்து ஒரு மணி நேரம், வந்து கேட்ட முப்பது நாற்பது பேரையும் சுவிசேஷமுத்து எப்படித் துரத்தினார் என்பதை, தையல் வகுப்பில் முதல் நாள் உட்கார்ந்த மாணவியைப்போல் கூர்ந்து கவனித்தார்.

மணி ஒன்பதை நெருங்கியது. நாற்காலிகள் அசையவில்லை. ஆனால் காலையில் அருந்திய கோப்பி-ஓ அசைந்தது. அன்று காலை முதல் இருபத்து மூன்று பேரை டாய்லட்டுக்கு அனுப்பிவைத்த அந்த மனிதரால் தாம் மட்டும் அங்கே செல்ல முடியாத நிலையை எண்ணிப் பாருங்கள்! காலை மாற்றிப் போட்டார். மனத்துக்குள் ஞானோபதேசம் ஒப்பித்தார். பத்துக் கட்டளைகளில் ஏழாவதுவரை தாக்குப்பிடித்தது. பிறகு, அதிகாலை முதல் யாரிடமும் காட்டாத பணிவோடு பின்புறம் திரும்பினார்.

"ஆன்ட்டி, ரெண்டே நிமிஷம். கொஞ்சம் பார்த்துக்கறீங்களா? யார் கேட்டாலும் விட்டுடாதீங்க. என்ன சொன்னாலும் விட்டுடாதீங்க."

"போய்ட்டு வா தம்பி. நான் பார்த்துக்கறேன்."

கழிவறை வாசலில் நீண்ட வரிசை. பாவம், வாழ்நாளில் அவர் முன்கூட்டியே இடம் பிடித்துவைக்காமல் சென்ற ஒரே இடம் அதுதான். இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. அதற்குள் பேருந்தும் வந்துவிட்டது. செரினா நேராக மேடையின் பின்புறத்துக்குப் போய்விட்டாள். மேக்ஸ்வெல் தலைமையில் இளைஞர் படை முன்வரிசைக்கு வந்து நின்றது. பிரிஜட் அம்மையார் இரண்டு வரிசைகளுக்கும் குறுக்கே ஊன்றுகோலை நீட்டினார்.

"ஆள் வருது."

"ஆன்ட்டி, இது எங்க சீட்டு. அந்த ஆளே நாங்கதான்."

"காலையிலேருந்து எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. இவங்க டாய்லட் போயிருக்காங்க."

"நாங்க இப்பத்தான் பஸ்ஸ விட்டு இறங்குறோம்!"

"அப்ப நீங்க அவங்க இல்லை."

மேக்ஸ்வெல் ஒரு கணம் யோசித்தான். இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. தேடிக் கண்டுபிடிக்கும் ஆர்வமும் அவனுக்கில்லை. திரும்பிப் பார்த்தான்: தொலைவில், கதவுக்கும் தின்பண்டக் கடைக்கும் அருகே, கேமரா எட்டாத கடைசி வரிசை அன்று அதிசயமாகக் காலியாக இருந்து அவனை அழைத்தது. லுத்தரன் இரத்தம் அல்லவா? அடுத்த நிமிடத்தில் இருபத்து மூவரும் அங்கே இருந்தார்கள்.

சுவிசேஷமுத்து திரும்பி வந்தபோது ஆராதனை தொடங்கிவிட்டிருந்தது. வெள்ளை அங்கி அணிந்த போதகர்களின் ஊர்வலம் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. இருபத்து நான்கு பாக்கெட்டுகளும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஆட்களைக் காணோம். தம் இடத்தில் அமர்ந்து கைப்பேசியை எடுத்தார். மேக்ஸ்வெலின் செய்தி காத்திருந்தது: "அங்கிள், ஒரு ஆன்ட்டி விடல. பேக்ல இருக்கோம். இங்க நல்லாருக்கு."

எழுந்து திரும்பினார். எண்பது வரிசைகளுக்கு அப்பால் சில கைகள் கடுகளவில் அசைந்தன. இடையில் நாலாயிரம் பேர். பக்கவாட்டுச் சுவரோரத்திலோ, வழியில் வேன் பழுதாகித் தாமதமாக வந்த புக்கிட் பாஞ்சாங் சபையார் உட்பட ஐம்பது பேர் இடமின்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

"உன் சீட்டு ஒண்ணுகூடப் போகலை, பாத்தியா?" என்றார் அம்மையார் பெருமிதத்தோடு.

அந்நேரம் செரினா மேடையேறினாள். ஒலிவாங்கியைச் சரிசெய்தாள். நிமிர்ந்து, முன்வரிசையைப் பார்த்தாள். கேமராவும் அவள் பார்வையைத் தொடர்ந்தது. திரையில் இரண்டு வரிசை டிஷ்யூ பாக்கெட்டுகள் லாரி அளவில் தோன்றின. அவற்றின் ஓரத்தில் ஓர் அங்கிள்.

செரினாவின் வாய் திறந்தது, ஒலி வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. யாரோ இருமினார்கள். மேடையோரம் நின்ற ஐயர், கிறிஸ்துமஸ் அன்று செய்ததைப்போலவே, மெல்ல ஓரடி முன்னால் எடுத்துவைத்தார்.

வாசகரே, இடம் பிடிப்பவர் ஒருவர் தாம் பிடித்த இடத்தைத் தாமாகவே விட்டுக்கொடுத்து நீங்கள் கண்டதுண்டா? அன்று நாலாயிரம் பேர் கண்டார்கள். சுவிசேஷமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, சுவரோரம் நின்றவர்களை நோக்கி இரு கைகளையும் வீசினார். அந்த நிசப்தத்தில் அவர் குரல் ஒலிபெருக்கியைவிடத் தெளிவாகக் கேட்டது:

"வாங்க! வந்து உட்காருங்க! ஆள் வரலை! ஒருத்தரும் வரலை!"

நின்று நின்று கால் கடுத்திருந்தவர்களை இரண்டாம் முறை அழைக்க வேண்டுமா? புக்கிட் பாஞ்சாங் சபை அணை உடைந்ததுபோல் பாய்ந்தது. பாக்கெட்டுகள் பறந்தன. தடித்த மனிதர் ஒருவர் ஒன்றின்மீதே அமர்ந்துவிட்டு, மறுபடி எழுந்து, அதை அங்கிளிடம் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். "மெல்ல, மெல்ல, ஆளுக்கு ஒண்ணு!" என்று பிரிஜட் அம்மையார் ஊன்றுகோலால் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். கடைசி வரிசையிலிருந்து, "செரினா, படி லா!" என்று மேக்ஸ்வெல் கத்தினான்.

செரினா சிரித்துவிட்டாள். ஒலிவாங்கிக்குள்ளேயே சிரித்தாள். ஐயர் எடுத்துவைத்த அடியைப் பின்னால் எடுத்தார். முன்வரிசையில் அவளுக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்றுதான்; மற்றவை முன்பின் அறியாத இருபத்து மூன்று முகங்கள். ஆனால் அத்தனையும் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அவள் வாசித்தாள். மூன்றாம் வசனத்தைக் கடந்தாள், பன்னிரண்டாம் வசனத்தில் முடித்தாள், ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

இத்தோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுதி முடிக்கத்தான் ஆசை. உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறைவு ஆசீர்வாதத்துக்கு எல்லோரும் தலை குனிந்தபோது அவரும் குனிந்தார். குனிந்த தலையோடே உணவுக்கூடத்தை நோக்கி நகர்ந்தார். கையில் பதினொரு பாக்கெட்டுகள் மிஞ்சியிருந்தன. மற்றவற்றைக் குளிர்சாதனத்தின் உபயத்தால் புக்கிட் பாஞ்சாங் சபை மூக்குச் சிந்தித் தீர்த்திருந்தது. வெறிச்சோடிய உணவுக்கூடத்தில் காற்றாடிக்கு நேர்கீழே இருந்த நீண்ட மேசையை ஒரே பார்வையில் தேர்ந்தெடுத்து விரைந்தார்.

மேசையின்மேல் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு பாமாலைப் புத்தகம், ஒரு குடை. நாற்காலிகளின் குறுக்கே ஓர் ஊன்றுகோல். அதன் மறுமுனையில் பிரிஜட் அம்மையார்.

"ஆன்ட்டி, ஓரமா ஒரு இடம்..."

அம்மையார் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தார்.

"ஆள் வருது."

அவரை எண்ணிச் சிரித்துக்கொண்டிருக்கும் வாசகரே, நன்றாகச் சிரியுங்கள், தடையில்லை. ரயிலிலோ உணவங்காடியிலோ அமர்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கத்து இருக்கையில் சாய்ந்து சுகமாக உட்கார்ந்திருப்பது உங்களுடைய பைதானே? எதிரே ஒருவர் நிற்கிறார், பாருங்கள். பைக்கு முட்டி வலியா?

அல்லது, ஆள் வருகிறதா?