எட்டு மதிப்பெண்ணில் தோற்ற பூட்டு

தேர்வில் தோற்றதற்காகக் கேசரி கிண்டிக் கொண்டாடப்பட்ட ஒரே மனிதன், எனக்குத் தெரிந்து, பூட்டுதான். அதே நாளில் அதே தேர்வில் தேறிய எனக்கு வழக்கமான சாம்பார் சாதம். முருங்கைக்காய் ஒரே துண்டு. அவன் இலையில் நான்கு.

இரண்டாயிரத்தைத் தாண்டிய ஆரம்ப வருடங்கள் அவை. இருங்காட்டுக்கோட்டையில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். நான் ஓய்வுபெறச் சில வருடங்களே பாக்கி இருந்தவன். அவன் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒப்பந்த ஊழியன். ஒரே அறையில் ஐந்து பேரோடு குடியிருந்தான்.

பூட்டு என்ற பெயர் சும்மா வரவில்லை. கம்ப்யூட்டரை அப்படியே விட்டுவிட்டு யாராவது டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அவன் திரையைப் பூட்டியிருப்பான். பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டி வைத்திருந்தாலோ, அதை உரித்து, எழுதியவர் கண்ணெதிரே வாயில் போட்டு மென்றுவிடுவான். மானேஜரின் சீட்டையே மூன்று முறை தின்றிருக்கிறான். அறையில் அவனுடைய சோப்பு டப்பாவுக்குக்கூட ஒரு குட்டிப் பூட்டு உண்டு.

ஒருநாள் சர்வர் அறையைப் பூட்டிவிட்டு, தொழிற்சாலைக்கு எதிரே இருந்த கஸ்தூரியின் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்துவிட்டான். பூட்டிய அறைக்குள்ளே ஏசி மெக்கானிக் வேலை செய்துகொண்டிருந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர், நல்ல தொண்டை. காவலாளி ஓடிவந்து சொல்லி, நாங்கள் போனபோது கதவு அதிர்ந்துகொண்டிருந்தது.

“டேய் பூட்டு! உள்ள ஆளு கீறன்டா! குளுர்ல வெறச்சுப் போச்சுடா!”

இவன் நிதானமாகச் சாவியைத் திருகியபடி கேட்டான். “ஏன் அண்ணே சத்தம் போடுதீக? சர்வர் பத்திரமாத்தான இருக்கு?”

இந்த நிலையில் எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை போட்டார். தகவல் பாதுகாப்பில் சான்றிதழ் பெற்ற ஒருவர் தொழிற்சாலையில் இருக்க வேண்டும். மானேஜர் எங்கள் இருவரையும் சென்னைக்குத் தேர்வு எழுத அனுப்பினார். இருநூற்றைம்பது கேள்விகள், ஆறு மணி நேரம். கூடத்தில் இருந்த விளக்குகளையும் எண்ணினேன். இரண்டு எரியவில்லை.

முடிவு இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. எனக்கு இரண்டு வரி. வாழ்த்துகள், தேறிவிட்டீர்கள். மதிப்பெண் இல்லை. தேறியவர்களுக்கு மதிப்பெண் சொல்வதில்லையாம்! தோற்றவர்களுக்குத்தான் அந்த மரியாதை. பூட்டுக்கு ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. பத்துப் பாடங்களில் எதில் பலம், எதில் பலவீனம் என்று வரிசைப்படுத்தி, கீழே மொத்தம்: ஆயிரத்துக்கு எழுநூறு தேவை, எடுத்தது அறுநூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

மெஸ்ஸே அந்தத் தாளைச் சுற்றி நின்றது.

“எட்டு மார்க்ல போச்சேடா!” என்று கஸ்தூரி தலையில் கைவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “உங்களுது எவ்ளோ சார்?”

“தேறினவங்களுக்குச் சொல்ல மாட்டாங்கம்மா.”

“ஓ” என்றாள். “அப்போ கம்மியாத்தான் இருக்கும்.”

கேசரி அடுப்பில் ஏறியது, அவனைத் தேற்ற.

மானேஜராவது என்னைக் கண்டுகொள்வார் என்று நினைத்தேன். “சார், நீங்க சீக்கிரம் ரிடயர் ஆகப் போறீங்க. இப்போதைக்கு உங்க சான்றிதழக் காட்டிச் சமாளிப்போம். பூட்டு இன்னொரு தடவ எழுதட்டும். பாஸ் பண்ணா பாதுகாப்புப் பொறுப்பு அவனுக்குத்தான், வேலையும் நிரந்தரம். ஃபெயிலானா ஹெட் ஆபீஸ்லேர்ந்து வேற ஆளப் போட்டுருவாங்க. அவன் கான்ட்ராக்ட்டும் அதோட முடிஞ்சுது.” தேறியவன் சமாளிப்புக்கு, தோற்றவன் பொறுப்புக்கு. இரண்டு நாள் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

பூட்டு எந்தப் பாடத்தில் கோட்டைவிட்டிருந்தான் தெரியுமா? கட்டடப் பாதுகாப்பில். கதவு, வாசல், பூட்டு, சாவி! சர்வர் அறையில் தீப்பிடித்தால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பது போன்ற கேள்விகளுக்கெல்லாம் அவன் கூசாமல் ‘கதவைப் பூட்டுவேன்’ என்று குறித்திருக்கிறான். ஆட்களை வெளியேற்றுவதுதான் சரியான பதில். எதற்கும் முன்னால் மனித உயிர் என்று அந்தத் தடிப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

கஸ்தூரி அவனைத் தயார்செய்யும் வேலையைக் கையில் எடுத்தாள். பதில் சொன்னால்தான் இலை.

“நெருப்பு புடிச்சிகினு எரியுது. மொதல்ல இன்னா பண்ணுவ?”

“ரூமப் பூட்டுவேன்க்கா.”

“உள்ள நான் கீறன்டா!”

பூட்டு யோசித்தான். “நீங்க எதுக்குக்கா சர்வர் ரூமுக்கு வந்தீக? ஒங்களுக்கு அனுமதி இல்லல்லா?”

ஏசி மெக்கானிக் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டார். “மன்ச உயிருடா! வெளிய வுட்றா!”

ஷிப்ட் முடிந்து வருகிற பையன்களெல்லாம் கை கழுவும்போதே “பூட்டு, நெருப்பு!” என்று கத்துவார்கள். அவனும் சாவியைத் தேடுவதைப் போலச் சட்டைப்பையைத் தடவிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஆளுகள வெளிய அனுப்பணும்” என்பான். கைதட்டல். அதே புத்தகத்தை நானும்தான் படித்தேன், வீட்டில், டிவி தொடர்களின் அழுகைக்கு நடுவே. என்னை ஒருவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஒருநாள் நானாகவே பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

“நீங்க சும்மா இருங்க சார்” என்றாள் கஸ்தூரி. “நீங்கதான் பாஸாச்சே.”

அடுத்த முறை அவன் தேறிவிட்டான். இரண்டு வரிதான் வந்தது.

“மார்க்கு இன்னாடா?”

“போடலக்கா.”

“பாஸானவனுக்கு எதுக்குடா மார்க்கு!” என்று அந்தப் புண்ணியவதி தெருவுக்கே பாயசம் ஊற்றினாள்.

மறுநாள் பூட்டு ஒரு படிவத்தோடு என் மேசைக்கு வந்து நின்றான். தேர்வில் தேறினால் மட்டும் போதாது. இவன் நம்பத் தகுந்தவன் என்று ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவரோ, நிர்வாகத்தில் உயர்ந்த ஒருவரோ எழுதிக் கையெழுத்திட வேண்டும். எனக்கு மானேஜர்தான் போட்டார், போனில் பேசிக்கொண்டே.

“நான் நல்லவன்னு நீங்க எழுதித் தரணும் சார்.”

“மானேஜரே போடலாமே?”

“அவுக போட்டா செல்லும் சார். ஆனா இந்த ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சு கவனமான ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க போட்டாத்தான் எனக்கு நெசமாப் பாஸான மாதிரி இருக்கும்.”

“நல்லவனான்னு யோசிக்கணும்ப்பா.”

“யோசிங்க சார். ஆனா இன்னைக்கே யோசிச்சிருங்க. தபால் நாலு மணிக்கு.”

பேனாவை உதறிப் பார்த்துக்கொண்டேன். பெயர் எழுதும் இடத்தில் முதலில் ‘பூட்டு’ என்று எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன். அவனைப் பற்றிச் சொல்ல நான்கு வரிக்கு இடம் விட்டிருந்தார்கள். போதவில்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்திலும் எழுதினேன்.