சிவப்பு ஆல்பத்தின் உண்மையான விலை

ஆம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த அப்பாவுக்கு,

உங்கள் மகள் பெர்சிஸ் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அம்மாவும் சுகம், மிக்சி மட்டும் சுகமில்லை. எத்தியோப்பியாவில் நீங்களும் உங்கள் ஷூ கம்பெனியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் முதுகுவலி மட்டும் சுகமாக இருக்க வேண்டாம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் "சாப்ட்டியா, படிச்சியா" என்று கேட்கிறீர்கள். நான் இரண்டு முறை "ம்" சொன்னதும் "அம்மாகிட்ட குடு" என்றுவிடுகிறீர்கள். இது இரண்டு "ம்"மில் அடங்குகிற விஷயம் இல்லை. அம்மாவுக்கும் தெரியக் கூடாது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்: நம் தபால்தலை ஆல்பத்தை யாரோ திருடிவிட்டார்கள்.

நீங்கள் போகும்போது அதைச் சென்னையில் உங்கள் நண்பர் சுந்தரமூர்த்தி மாமாவிடம் பத்திரமாகக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். அந்தப் பத்திரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வாரம் பில்கிஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய அப்பா வக்கார் அகமது அங்கிள் பழைய நாணயம் சேர்ப்பவர் அல்லவா, அவர் போனுக்கு ஒரு ஏலக் கம்பெனியின் பட்டியல் வந்திருந்தது. அதில் நம் ஆல்பத்தின் படம். ரிஜெக்ட் ஆன சிவப்பு ஆட்டுத்தோலில் நீங்கள் தைத்த அதே அட்டை, மூன்றாம் வகுப்பில் நான் டீ கொட்டிய அதே இடம். கீழே "பழமையின் இயல்பான கறைகளுடன்" என்று போட்டிருந்தார்கள். அப்பா, அது பழமை இல்லை, நான். உடனே போலீசுக்குப் போகலாம் என்றேன். அங்கிள் படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "போலீஸ்லாம் இன்னாத்துக்குமா, ஏலத்துல எடுத்துடலாம்" என்றார்.

கட்டுரைப் போட்டிப் பரிசும் உண்டியலும் சேர்த்து என்னிடம் மூவாயிரம் ரூபாய் இருந்தது. நேற்று அங்கிளின் போனில் நானும் பில்கிஸும் ஏலத்தில் உட்கார்ந்தோம். ஆயிரத்தில் ஆரம்பித்தது, எல்லோரும் விலகிவிட்டார்கள், ஒருவர் மட்டும் விலகவில்லை. நான் நூறு ஏற்றினால் அவரும் நூறு ஏற்றினார், நான் தண்ணீர் குடிக்கப் போனால் அதற்குள்ளும் ஏற்றினார். பிள்ளைகள் மேல் பிரியமே இல்லாத, கல்நெஞ்சுக்கார, வழுக்கைத் தலை ஆள் என்று நாங்கள் முடிவுகட்டினோம். இரண்டாயிரத்து எண்ணூறுக்கு மேல் அந்த ஆள் வரவில்லை. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு ஆல்பம் எனக்கு. மீதி நூறு ரூபாய்க்கு மூன்று பேரும் பாதாம் பால் குடிப்பதாகத் திட்டம்.

தோல் மண்டியில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து முடித்தால் அதுதான் விலை, தரகெல்லாம் விற்கிறவர் தலையில் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். அங்கிளும் அந்த மண்டியில் வளர்ந்தவர்தான், அவரும் அப்படியே நினைத்தார். நாணய ஏலத்தில் அவர் இதுவரை வேடிக்கை பார்த்ததோடு சரி. இன்று காலை பில் வந்தது. வாங்குபவர் கமிஷன் ஐந்நூற்று எண்பது, அந்தக் கமிஷனுக்கு ஜி.எஸ்.டி. நூற்று நான்கு, கட்டி அனுப்ப இருநூற்றைம்பது. மொத்தம் மூவாயிரத்து எண்ணூற்று முப்பத்து நான்கு. அங்கிள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். "இன்னாமா இது, தோலுக்கு ஒரு ரேட்டு, வாலுக்கு ஒரு ரேட்டா? பேஜாரா கீதே" என்றார். குறைகிற பணத்தைத் தானே தருவதாகச் சொன்னார். கடன் வாங்கினால் உங்களுக்குப் பிடிக்காது என்பதால் வேண்டாம் என்றேன். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் ஆல்பம் அந்த வழுக்கைத் தலையருக்குப் போய்விடும். ஆகவே தயவுசெய்து எண்ணூற்று முப்பத்து நான்கு ரூபாய் அனுப்புங்கள்.

அது எனக்கு ஏன் வேண்டும் என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைக்காக. அம்மாவுக்கு இப்போது ஞாயிறும் ஓவர்டைம் வருகிறது. ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் பேசுகிறது. தபால்தலை எடுக்கும் சாமணத்தை நீங்கள் விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அதை வைத்துக்கொண்டு நான் நாட்டுப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் இருந்தால் ஆல்பத்தைப் புரட்டி ஒவ்வொன்றுக்கும் "இருக்குது" அல்லது "இல்ல" என்பீர்கள். எத்தியோப்பியாவுக்கு எப்போதும் "இல்ல"தான். அந்த ஒரு பக்கம் மட்டும் காலி. அங்கேதான் நீங்கள் போயிருக்கிறீர்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், குனிந்து பெட்டி தூக்காதீர்கள். உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கும்,
பெர்சிஸ்.

பி.கு.: ராத்திரி உறையை ஒட்டப் போகும் நேரத்தில் நீங்கள் போன் செய்தீர்கள். அம்மா கை மாவாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள், எனக்கும் கேட்டது. "அமிர்தா, ஆல்பம் போய்டுச்சி. திருப்பி எடுத்துடலாம்னு சுந்தரத்த ஏலம் கேக்க விட்டேன், எவனோ விடாம ஏத்தினே போறான். கமிஷன், ஜி.எஸ்.டி.லாம் சேத்துப் பாத்துட்டு ரெண்டாயிரத்தி எட்நூறோட நிறுத்துன்னுட்டேன். பாப்பாகிட்ட இன்னான்னு சொல்றது?" என்றீர்கள். பிறகு நான் பேசினேன். சாப்ட்டியா என்றீர்கள். "ம்" என்றேன்.

போனை வைத்ததும் அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "சுந்தரம் மூலமா ஏலத்துக்குக் குடுத்ததே உங்கப்பாதான்டி, பிளேன் டிக்கெட்டுக்குக் கொறஞ்சதுக்கு அட்வான்ஸ் வாங்கினு. சம்பளம் வந்ததும் மனசு கேக்கல. ஏலத்துலர்ந்து வாபஸ் வாங்குனா அதுக்கும் பணமாம்" என்றாள். முதலில் என்னைத் திட்டினாள், பிறகு உங்களை, பிறகு ஓவர்டைம் பணத்தில் குறைந்ததை எடுத்துக் கொடுத்தாள். ஆகவே திருடன் யாரும் இல்லை, பணமும் வேண்டாம். கல்நெஞ்சுக்காரர் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வழுக்கை என்பது உங்களுக்குச் சரியாக இருப்பதால் விட்டுவிடுகிறேன். நீங்கள் கட்டணத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தோற்றீர்கள், நான் போடாமல் ஜெயித்தேன். விற்றவர் கமிஷன் என்று உங்களிடமும் பிடிப்பார்களாம். நம் ஆல்பம் நம் வீட்டிலிருந்து நம் வீட்டுக்கே வருவதற்கு இவ்வளவு.

இனி இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை, ஆனாலும் அனுப்புகிறேன். பதிலைப் போனில் சொல்லாதீர்கள், எழுதுங்கள். கவர் மேல் ஒரு தபால்தலை இருக்கும். அதற்குக் கமிஷன் கிடையாது.