மாமாவை வட்டிக்காரராக்கிய ஐந்தாவது ஷரத்து

படித்தவன் கையில் ஒரு வெற்று முத்திரைத்தாள் கிடைத்தால் யாரையாவது அசிங்கப்படுத்தாமல் விடமாட்டான். பொதுவாகச் சொல்லவில்லை, என்னை வைத்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் அத்தாவுக்கு, கையெழுத்துப் போட வரும். ஆனால் அவர் போட்டு முடிப்பதற்குள் பேங்க்கில் சாப்பாட்டு நேரம் வந்துவிடும். அதனால் லால்பேட்டையில் எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவந்து நீட்டுவார்கள். கரண்ட் பில்லைக்கூட நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டுதான் படிப்பேன். (பார்வையில் ஒரு கோளாறும் கிடையாது. ஒரு கெத்துக்கு வாங்கியது.)

இப்படிப்பட்ட அறிஞனைப் படிக்கவைத்தவர் ஜமால் மாமா, அம்மாவின் அண்ணன். குடும்பம் லால்பேட்டையில், கடை சிதம்பரத்தில். மெத்தை, தலையணை வியாபாரம். கல்லூரிக் கட்டணம், லேப்டாப், சென்னையில் கணக்குப் பயிற்சி என்று மூன்று தடவையாக ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் பணம் ஒரு தலையணை உறைக்குள் சுற்றி வரும். எப்போது திருப்பித் தரவேண்டும் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

“கைல இருக்கும்போது குடு மாப்ள.”

கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்த பிறகுதான் இதைவிடக் கொடூரமான நிபந்தனை உலகத்தில் இல்லை என்று தெரிந்தது. சம்பளம் பதினெட்டாயிரம். ஒன்றாம் தேதி கையில் இருக்கும், பத்தாம் தேதி இருக்காது. எந்தத் தேதியின் கையை மாமா சொல்கிறார்? அவர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டால் ஒவ்வொரு கறித்துண்டும் என்னைப் பார்த்துக் கணக்குக் கேட்டது. புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு போன அன்று, “நல்லாருக்கே, எவ்ளோ?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பாதி விலையைச் சொன்னேன். உடனே, அவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதென்றால் தனக்கும் ஒரு ஜோடி வாங்கி வரச் சொல்லிவிட்டார். மீதிப் பாதியை நான் போட்டு வாங்கிக் கொடுத்தேன்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி வாய்வார்த்தை வேலைக்கு ஆகாது, எல்லாம் முறைப்படி நடக்கவேண்டும். மாதம் ஐயாயிரம், இருபத்து நாலு தவணை, எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கடன் ஒப்பந்தப் படிவம் கிடந்தது. அதில் பெயர்களை மட்டும் மாற்றினேன். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தர்கா கந்தூரித் திருவிழாக் கூட்டத்தில் பலூன் வாங்கிக் கொடுத்த மாமா, “இனி கடன் கொடுத்தவர் என்று அழைக்கப்படுவார்” ஆனார். தகராறு வந்தால் கடலூர் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வது என்று ஒரு ஷரத்து. ஐந்தாவதாக ஒன்று. தவணை தவறினால், பாக்கித் தொகைக்கு மாதம் இரண்டு சதவீதம் வட்டி சேர்த்துக் கடன் கொடுத்தவருக்குச் செலுத்தவேண்டும்.

ஏழு வருடம் சாயங்கால மதரஸாவில் உட்கார்ந்து, வட்டி ஹராம், வாங்குவதும் கொடுப்பதும் பாவம் என்று ஓதிப் படித்தவன் நான். ஆனால் ஆபீஸில் வட்டி என்பது ஒரு கட்டம். அதில் எண்ணைப் போட்டால் பக்கத்துக் கட்டத்தில் விடை வரும், அவ்வளவுதான். அந்த ஷரத்தைப் படித்துவிட்டு, என்மீதே எனக்கு இத்தனை கண்டிப்பா என்று நெகிழ்ந்துபோனேன்.

முத்திரைத்தாளில் அச்சடித்தாயிற்று. சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். நேர்மையான மனிதன் எதையும் மறைக்கமாட்டான் இல்லையா? படம் எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். லால்பேட்டை முதல் சிங்கப்பூர் வரை அறுபத்து மூன்று பேர் இருக்கும் குழு. “சாட்சிக் கையெழுத்திட விருப்பமுள்ளவர்கள் பெயர் தரவும்” என்று கீழே ஒரு வரி.

யாரும் பெயர் தரவில்லை. பத்து நிமிடம் கழித்து சிங்கப்பூரிலிருந்து ஒரு கேள்வி வந்தது: “ஜமால் வட்டிக்கு விடுறாரா?”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு எங்கள் தெருப் பள்ளிவாசலுக்குப் புதுப் பொருளாளரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. மாமா பதினைந்து வருடமாக ஆசைப்பட்ட பதவி. அவர் பெயரைத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அரைமணி நேரத்தில் போன் வந்தது.

“மாப்ள, அஞ்சாவதா என்னமோ எழுதிருக்கியாமே. படி.”

பெருமையோடு, நிறுத்தி நிதானமாகப் படித்தேன்.

“வட்டி யாருக்கு?”

“உங்களுக்குத்தான் மாமா.”

“நா எப்படா உங்கிட்ட வட்டி கேட்டேன்?” என்றார். குரல் உடைந்திருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா கடைக்கே கிளம்பினேன்.

சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் செய்த முதல் வேலை, அந்தப் படத்தை எல்லோருக்குமாக அழித்தது. அது அடுத்த தப்பு. படம் இருந்த இடத்தில் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று நின்றது. பார்க்காதவர்களும் என்ன என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். பார்த்தவர்கள், ஜமால் மிரட்டி அழிக்க வைத்துவிட்டார் என்றார்கள். பரங்கிப்பேட்டை முக்கு வருவதற்குள், எங்கள் குழுவிலேயே இல்லாத ஒரு மச்சான் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டு, “ரெண்டு வட்டி ஜாஸ்திடா, ஒன்னரைக்குப் பேசிப் பாரு” என்று ஆலோசனை சொன்னான்.

கடையில் மாமாவோடு பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தும் இருந்தார். இருந்த இரண்டு நாற்காலியிலும் அவர்கள் உட்கார்ந்திருந்ததால் எனக்கு ஒரு இலவம்பஞ்சு மெத்தையைக் காட்டினார்கள். உட்கார்ந்ததும் இடுப்புவரை உள்ளே போனேன். முட்டி இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. அந்தக் கோலத்தில்தான் விசாரணை நடந்தது.

ஹஜ்ரத் தாளை வாங்கி முழுவதும் படித்தார். பிறகு, கடனை எழுதி வைப்பது நல்ல காரியம், மார்க்கமே அதைத்தான் சொல்கிறது, எழுதாமல் கொடுத்த ஜமால்தான் முதல் தப்பு செய்தவர் என்றார். மாமாவின் முகம் சுருங்கியது. நான் மெத்தையிலிருந்து எழ முயன்றேன், முடியவில்லை. உள்ளே இருந்தபடியே கேட்டேன்.

“அப்ப நா செஞ்சது சரிதானே ஹஜ்ரத்?”

“சரிதான் தம்பி. பாலைக் கறந்து சொம்புல கொண்டாந்தது வரைக்கும் சரி. அதுல மண்ணெண்ணெய ஊத்திட்டியே.”

தீர்ப்பு இதுதான். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நின்று, அந்த ஷரத்துக்கும் மாமாவுக்கும் சம்பந்தமில்லை என்று நானே சொல்லவேண்டும். நான் கிளம்பும்போது மாமா, “சொந்தமா ஒன்னும் சேத்துக்காத. ஹஜ்ரத் சொன்னத மட்டும் சொல்லு” என்றார்.

கேட்பேனா? இரண்டு நாள் உட்கார்ந்து உரை தயாரித்தேன்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் கல்லூரிக் கருத்தரங்கு ஞாபகம் வந்து, ஸலாம் சொல்ல மறந்து, “அவையோர் அனைவருக்கும் இனிய மதிய வணக்கம்” என்று ஆரம்பித்தேன். மேலே இருந்த குழாய் ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்தார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் பெண்கள் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டார்கள் என்று பிறகு மாமி சொன்னார்.

“எனது மாமா இதுவரை என்னிடம் ஒரு ரூபாய்கூட வட்டி வாங்கியதில்லை” என்றேன்.

“இதுவரைன்னா?” என்றது பின்வரிசை. “இனிமே வாங்குவாராமா?”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். எழுதி வைத்திருந்த தாளைப் புரட்டினேன், இதற்குப் பதில் அதில் இல்லை. அவரைக் காப்பாற்றியே தீரவேண்டும் என்ற வெறியில், தாளில் இல்லாத உண்மை ஒன்று வாயிலிருந்து வந்து விழுந்தது.

“வட்டிய விடுங்க. நா அசல்லயே இன்னும் ஒத்தப் பைசா குடுக்கல. அவுங்க ஒரு சீட்டு எழுதி வாங்குனதுமில்ல, கேட்டதுமில்ல.”

தூண் ஓரமாக உட்கார்ந்திருந்த அரிசிக்கடைக்காரர் ஒருவர் சொன்னார்: “அசலே வரலயாம். இதுல வட்டிக்காரர்னு பேர் வேற. பாவம்யா.”

பள்ளிவாசலில் அப்படிச் சிரிக்கக் கூடாது. சிரித்தார்கள். ஹஜ்ரத் தாடியைத் தடவுவதுபோல வாயை மறைத்துக்கொண்டார். மாமாவின் பெயரிலிருந்த கறை அந்தச் சிரிப்பில் போய்விட்டது என்று நான் மூச்சு விட்டபோது, அதே அரிசிக்கடைக்காரர் அடுத்த கேள்வியைக் கேட்டார். ஒரு லட்சத்து இருபதாயிரத்தை ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் தூக்கிக் கொடுத்தவரிடம் பள்ளிவாசல் பணத்தை எப்படி ஒப்படைப்பது?

(அதாவது, புதன்கிழமை எழுதிக் கெடுத்தேன். வெள்ளிக்கிழமை எழுதவில்லை என்று சொல்லிக் கெடுத்தேன்.)

கடைசியில் ஒரு சமரசம் ஆயிற்று. ஜமால் பொருளாளர். ஆனால் கணக்கை எழுதுவது நான். சம்பளம் கிடையாது. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பஸ் ஏறி வரவேண்டும். பஸ் கட்டணம் என்னுடையது. ஒப்பந்தம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

கடனையும் மாமா தன் போக்கிலேயே வசூலித்தார். பேங்க்கில் பணம் போட்டால் அதே நாளில் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்குப் பதில், “வர்றப்ப ஹார்பர்ல ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்கியா” என்பார். மாமிக்குக் கண்ணாடி, மாமாவின் மகனுக்குக் கல்லூரி விண்ணப்பம். என் கணக்குப்படி மூன்று வருடத்தில் முழுக்கடனும் தீர்ந்துவிட்டது. அதை ஒருநாள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். “மீனு வேற, கடன் வேற மாப்ள. மீன நீயும்தான தின்ன?” என்றார்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் கிள்ளை. மணமகளுக்கு மாப்பிள்ளை தரவேண்டிய மஹர் இரண்டு பவுன் என்று பேச்சு. பாதியைக் கையிலும் பாதியைப் பிறகும் தருவதாக நான் சொல்லியனுப்பினேன். தவணை என்றால் அவர் அதற்கும் ஷரத்து எழுதுவார், முழுசாக இப்போதே வைக்கச் சொல்லுங்கள் என்று பெண்ணிடமிருந்து பதில் வந்தது. கதை கிள்ளைவரை போயிருந்தது. ஒரு பவுன் குறைந்தது. யாரிடம் போயிருப்பேன் என்று சொல்லவேண்டியதில்லை. கொடுத்தார். நானும் எழுதவில்லை, அவரும் கேட்கவில்லை.

நிக்காஹ் அன்று மாமாதான் என் தரப்புச் சாட்சி. ஹஜ்ரத் பதிவேட்டை அவர் முன்னால் வைத்துப் பேனாவைக் கொடுத்தார். மாமா பேனாவை வாங்காமல், சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். எண் போட்ட ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மண்டபமே காத்திருந்தது. பிரியாணித் தேக்சாக்களைத் திறந்துவிட்டார்கள். “என்னய்யா படிக்கிற, இது நா எழுதுனது” என்றார் ஹஜ்ரத்.

மாமா கடைசி வரிக்குக் கீழே இருந்த வெற்று இடத்தையும் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“நாலோட நின்னுருக்கு ஹஜ்ரத். போடலாம்.”

இப்போது எங்கள் வீட்டில் ரேஷன் கடைச் சீட்டில்கூட யாரும் “நாலோட நின்னுருக்கு” என்று சொல்லாமல் கையெழுத்துப் போடுவதில்லை. அத்தாவும் சொல்கிறார். அதனால் பேங்க்கில் இன்னும் கொஞ்சம் நேரமாகிறது.