ஃபாயிகா ஏன் பாடுகிறாள்?

ஷுப்ராவிலிருந்து,
வெள்ளிக்கிழமை, கிறிஸ்து பிறப்பு நோன்புக் காலம்

சோஹாகில் இருக்கும் என் அன்புள்ள அக்கா இன்ஸாஃபுக்கு, தம்பி லபீப் எழுதுவது. சமாதானமும் கிருபையும் உன் வீட்டில் தங்குவதாக. உன் முழங்கால் வலி, உன் மருமகள் இரண்டும் இப்போது அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

அக்கா, நீ உடனே புறப்பட்டு வா. என் வீட்டுக்காரி ஃபாயிகாவின் கழுத்தில் கட்டி வந்ததும், டாக்டர் அதில் ஊசி குத்திச் சோதனைக்கு அனுப்பியதும் உனக்குத் தெரியும். முடிவு நாளைக் காலை வருகிறது. உன் தம்பி எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி என்பதும் உனக்குத் தெரியும். போன சனிக்கிழமை எங்கள் பாதிரியார் அபூனா யுஸ்தோஸிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். "அபூனா, பயத்துல ஜெபமே வர மாட்டேங்குது. என் மூஞ்சியப் பாத்து வீடே இருண்டு கெடக்கு" என்று அழுதேன். நூறு தடவை தரையில் விழுந்து கும்பிடச் சொல்வார், இரண்டு சங்கீதம் கூடுதலாகப் படிக்கச் சொல்வார் என்று பார்த்தால், அவர் சிலுவையை என் தலையில் வைத்து, "சந்தோஷம்ங்கிறது ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போட்டுட்டு வர்ற சட்ட இல்லப்பா, தெனமும் போடணும். ஒரு வாரம் பயிற்சி. வீட்லயும் ரோட்லயும் சிரிச்ச முகமா இரு. ஆனா இது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல. பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடாத" என்றார். சோஹாக் தூரமான ஊர் என்பதால் உன்னிடம் சொல்வது குற்றமாகாது என்று என் மனசாட்சியைச் சமாதானப்படுத்திவிட்டேன்.

மறுநாளே ரொட்டிக்கடை வரிசையில் ஒரு அம்மாளைப் பார்த்துச் சிரித்தேன், அவர் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையை விட்டே போய்விட்டார், மைக்ரோபஸ்ஸில் சிரித்தால் பக்கத்தில் இருந்தவர் "அண்ணே, எறங்கிக்கிறேன்" என்று பாதி வழியில் இறங்கினார், மேல்வீட்டு ஹாஜி மஹ்ரூஸ், அதான் பதினோரு வருஷமாய் ஈரத்துணியை என் பால்கனி மேல் சொட்டவிடுகிறாரே அவர்தான், அவருக்குச் சிரித்துக்கொண்டே காலை வணக்கம் வைத்தேனா, அன்று சாயங்காலமே தட்டு நிறைய பஸ்பூஸா இனிப்போடு வந்து நிற்கிறார். "நெய் இல்ல உஸ்தாத், எண்ணெய்தான். ஒங்க நோன்பு எனக்குத் தெரியாதா? உண்மையச் சொல்லுங்க, டாக்டர் ஒங்களுக்கு எத்தன மாசம் சொல்லிருக்கார்?" என்று கண் கலங்கினார். அன்றிலிருந்து துணியை உள்ளே காயப்போடுகிறார். காய்ந்த பால்கனியைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

இதெல்லாம் தூசு. ஃபாயிகா பாடுகிறாள், அக்கா! ஃபூல் பயறில் கல் பொறுக்கும்போது பாடுகிறாள், துணி மடிக்கும்போது பாடுகிறாள். முப்பது வருஷத்தில் அவள் பாடி நான் கேட்டதில்லை. நேற்று தன் ஒரே நல்ல கம்பளிக் கோட்டை, இந்தக் குளிரில், வாயிற்காவலரின் மனைவிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். "ஏம்மா?" என்றேன், சிரித்த முகமாகத்தான் கேட்டேன். "எனக்கெதுக்குங்க இனிமே?" என்று அவளும் சிரித்தாள். அந்த 'இனிமே' எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. டாக்டர் அவளிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டார், அக்கா. அவள் என்னிடமிருந்து மறைக்கிறாள். கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் பயம். பயிற்சி முடியும்வரை முகத்தைத் தூக்கிவைக்கவும் வழியில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு, வெளியே வந்து பல்லைக் காட்டுகிறேன். அவள் இல்லாமல் எனக்கு இந்த வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

ஆகவே தாமதிக்காமல் ரயில் ஏறு. கன்னி மரியாளின் பரிந்துரையும் புனிதர்களின் ஜெபமும் உன் வழியைக் காக்கட்டும். பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் தம்பி,
லபீப்

பின்குறிப்பு: அண்ணி, வர வேண்டாம். இது ஃபாயிகா எழுதுவது. இவர் கடிதத்தை மேஜைமேல் திறந்து போட்டுவிட்டு உறை வாங்கப் போனார். படித்துவிட்டேன். போன சனிக்கிழமை இவருக்குப் பின்னால் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள் நான். அபூனா எனக்கும் இதே பயிற்சியைத்தான் கொடுத்தார், யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னார். டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்த மனிதர் சிரிப்பதைப் பார்த்துத்தான், டாக்டர் இவரிடம் ஏதோ சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். சாகப்போகிறவளுக்குக் கோட்டு எதற்கு என்றுதான் கொடுத்தேன். இப்போது குளிர்கிறது, திருப்பிக் கேட்க வெட்கமாயிருக்கிறது. இவர் வந்ததும் "ஒங்களுக்குமா?" என்றேன். வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். இருவரும் அழுதோம், அப்புறம் சிரித்தோம். மேல்வீட்டு ஹாஜி பயந்துபோய் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார். நாளை என்ன வருமோ, தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. சேர்ந்தே போய் வாங்கிக்கொள்வோம். இப்போது இவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பயறில் கல் பொறுக்குகிறார், பாட்டு வேறு. குரல் சகிக்கவில்லை, அண்ணி. நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.