முன்வாயில் பள்ளி, பின்வாயில் கல்லூரி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் உலகத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்கிறார்கள். கார் செய்கிறார்கள், டயர் செய்கிறார்கள், கைப்பேசி செய்கிறார்கள், காருக்குள் தொங்குகிற வாசனைப் பொட்டலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் காலத்தையே உற்பத்தி செய்த ஆலை இந்த வட்டாரத்தில் ஒன்றுதான். அது பிள்ளைப்பாக்கம் திருப்பத்தில் இருக்கும் வெற்றித்தடம் மெட்ரிகுலேஷன் மேல்நிலைப் பள்ளி. பிளஸ் டூ படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அங்கே முழுசாக ஒரு வருஷத்தைச் செய்து கையில் கொடுத்தார்கள். இதை வரலாறு இன்னும் குறித்துக்கொள்ளாமல் இருப்பது வரலாற்றின் அலட்சியம்.

இந்தக் கண்டுபிடிப்பின் பெருமை முழுவதும் தாளாளர் பலராமனையே சேரும். தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் பேருந்துகள் அவரிடம் பதினான்கு இருந்தன. காலை ஷிப்டுக்கு ஆளை இறக்கிவிட்டு, அதே வண்டியில் இரவு ஷிப்டு முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். "வண்டி காலியா திரும்பக் கூடாது" என்பது அவருடைய வாழ்க்கைத் தத்துவம். அவர் பள்ளிக்கூடத்தை விலைக்கு வாங்கிய புதிதில் ஒரு நாள் மாலை ஐந்து மணிக்கு வந்து பார்த்தார். இருபத்திரண்டு வகுப்பறைகள் காலியாக நின்றன. மனுஷனுக்கு வயிறு எரிந்துவிட்டது.

அடுத்த கல்வியாண்டிலேயே வடக்கே எங்கோ இருந்த ஒரு பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. 'முந்துகல்வித் திட்டம்' பிறந்தது. பிளஸ் டூ படிக்கும்போதே மாலையில் கல்லூரி முதலாண்டுப் பாடங்களையும் படித்து 'கிரெடிட்' சேர்த்துக்கொள்ளலாம். பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போனால் நேரே இரண்டாம் ஆண்டில் உட்காரலாம். மூன்று வருஷப் பட்டம் இரண்டே வருஷத்தில் கிடைத்துவிடும். 'ஒரு வருஷம் மிச்சம்!' என்று சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தம் வரை பிளெக்ஸ் கட்டினார்கள்.

கல்லூரி என்றால் பேராசிரியர் வேண்டுமே. அதற்காக ஒரு கூட்டம் கூட்டினார்கள். கூட்டம் பதினோரு நிமிஷம் நடந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர் கோதா, உள்ளே போகும்போது டீச்சராகப் போய் வெளியே வரும்போது இணைப் பேராசிரியராக வந்தார்.

அவர் தயங்காமல் இல்லை. "சார், நான் வெறும் எம்.எஸ்ஸி., பி.எட். காலேஜுன்னா பிஎச்.டி. கேப்பாங்களே?"

"கேக்கசொல்ல பாத்துக்கலாம் டீச்சரம்மா" என்றார் பலராமன். "நாலு மணி வரிக்கும் நீங்க டீச்சரு. நாலு மணிக்கு மேல புரொபசரு. எங்க டிரைவர் டில்லிபாபு இல்ல? காலைல கார் கம்பெனி ஆளு, சாயங்காலம் செல்போன் கம்பெனி ஆளு. சட்டைய மாத்திக்கினா முடிஞ்சிது."

கோதாவின் கணவர் ரகுநந்தன் அந்த வாரமே பித்தளையில் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தார். 'பேராசிரியை கோதா ரகுநந்தன்.' மாமியார் மரகதவல்லி பெருமாளைச் சேவிக்கப் போன இடத்தில், தீர்த்தம் வாங்குவதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். "எங்காத்து மாட்டுப்பொண் இப்போ புரொபசராக்கும்." பத்து வருஷமாகக் கோதா போட்ட காபியைப் பற்றிக்கூட அவர் வெளியில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. கோதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பலகையைத் தினம் புளி போட்டுத் துலக்கினார்.

பல்கலைக்கழகம் விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பள்ளிக்கும் கல்லூரிக்கும் தனித்தனி வாயில் இருக்க வேண்டும். வெற்றித்தடம் சட்டத்தை மதிக்கும் நிறுவனம். மாலை மூன்றே முக்காலுக்கு மணி அடிக்கும். நாற்பத்திரண்டு மாணவர்கள் கழுத்திலிருந்த சிவப்பு நாடா அடையாள அட்டையைக் கழற்றிப் பையில் போட்டு நீல நாடாவை மாட்டிக்கொள்வார்கள். முன்வாயில் வழியாக வெளியேறி, மதில் ஓரமாகவே நடந்து, நடேசனின் டீக்கடையையும் வரிசையாக நிற்கும் பேருந்துகளையும் தாண்டி, 'கல்லூரி' என்று பலகை மாட்டிய பின்வாயிலில் நுழைவார்கள். அதே மாடிப்படி ஏறி, அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்காருவார்கள். ஏழாவது பீரியடில் பாதியில் நின்ற அணிக்கோவைக் கணக்கு கரும்பலகையில் அழியாமல் காத்திருக்கும். அதுவும் இப்போது கல்லூரிக் கணக்கு.

பேராசிரியருக்கும் விலக்கு இல்லை. முதல் நாள் கோதா வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பலராமன் வந்து கண்டித்தார். "இன்னா புரொபசரம்மா, இன்னும் காலேஜுக்கே வராம இருக்கீங்க?" கோதா எழுந்து நானூறு மீட்டர் நடந்து பணியில் சேர்ந்தார்.

அந்த நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி இசைவாணி. பிள்ளைப்பாக்கத்துப் பெண். அவள் அம்மா ரத்னா சுங்குவார்சத்திரம் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நிரந்தர இரவு ஷிப்டு. தயாரான பொருளைச் சோதித்து ஓகே போடுவது அவள் வேலை. சேர்க்கை நாளன்று கோதாவிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இவ பட்டம் வாங்கினு ஒரு வேலைல குந்திட்டான்னா நான் நைட்டு ஷிப்ட வுட்ருவேன் டீச்சர். மூணு வருசம் தாங்குவனான்னு தெரியல. ரெண்டுன்னா தாங்கிடுவேன். நெசமாவே ரெண்டுதானே?"

"ரெண்டேதான்" என்றார் பேராசிரியை.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை மாவட்ட ஆட்சியர் அறிவித்தார்: பள்ளிகளுக்கு விடுமுறை, கல்லூரிகள் வழக்கம்போல இயங்கும். மாவட்டத்தில் மற்ற எல்லோருக்கும் இது எளிய அறிவிப்பு. வெற்றித்தடத்தில் மட்டும் அவசரக் கூட்டம் நடந்தது. பலராமன் தீர்ப்பு வழங்கினார். "மூணே முக்கா வரிக்கும் லீவு. நாலு மணிக்குக் காலேஜ் உண்டு. ஸ்கூலு லீவுன்றதால முன்னாடி கேட்டைத் தொறக்கக் கூடாது. சட்டம்னா சட்டம்."

பின்வாயிலில் முழங்கால் அளவு தண்ணீர். கோதா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு மணிக்குக் கல்லூரிக்குள் இறங்கினார். வந்திருந்த மாணவி ஒரே ஒருத்தி. இசைவாணி செருப்பைக் கையில் பிடித்தபடி, ஈரப் பாவாடையோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"மத்தவங்க?"

"வரல டீச்சர். கிரெடிட்டு போய்டுமேன்னு நான் வந்துட்டேன்."

சரி என்று அணிக்கோவை ஒன்றைப் போடச் சொன்னார். இசைவாணி முத்து முத்தாக எழுதினாள். அடுக்கு தப்பவில்லை, கோடு தப்பவில்லை. கடைசியில் மைனஸ் மூன்றிலிருந்து மைனஸ் ஐந்தைக் கழிக்க வேண்டிய இடத்தில் மைனஸ் எட்டு என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இது ஏன் எட்டு?"

"தெரியல டீச்சர். ரெண்டு மைனஸ் வந்தா எனக்குக் குழம்பிடும். ஏழாவதுலேந்தே அப்டிதான்."

"இத்தனை நாள் ஏன் கேக்கல?"

"ஸ்கூல்ல போர்ஷன முடிக்கணும்னு ஓடறீங்க. முடிச்சதும் காலேஜுக்கு நடக்கணும். காலேஜுல போய் இதக் கேட்டா அசிங்கமா இருக்காதா?"

வெளியே மழை விடவில்லை. கோதா நீல நாடாவைக் கழற்றி மேஜையில் வைத்தார். இசைவாணியை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர் மட்டத்தைப் பூஜ்யமாக்கினார். வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்த படிகளை மைனஸ் ஆக்கினார். ஏறினார்கள், இறங்கினார்கள், தண்ணீரில் நின்று கழித்தார்கள். ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. "அய்ய, இவ்ளோதானா டீச்சர்!" என்று படியில் நின்று கத்தினாள். கோதாவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்பது அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு ஞாபகம் வந்தது.

இது கண்டிக்கத்தக்க செயல் என்பதைச் சொல்லியாக வேண்டும். மைனஸ் கழித்தல் பள்ளிப் பாடத்திட்டத்திலும் இல்லை, கல்லூரிப் பாடத்திட்டத்திலும் இல்லை. கோதா தவறை உணர்ந்து பதிவேட்டில் நேர்மையாகக் குறித்தார்: 'மழை காரணமாகப் பாடம் நடைபெறவில்லை.' மறுநாள் வெயில் அடித்தது. முந்துகல்வி தொடர்ந்தது.

அரையாண்டுத் தேர்வில் இசைவாணி கணக்கில் நூற்றுக்கு இருபத்தேழு வாங்கினாள். அதே வாரம் கல்லூரியின் முதல் பருவத் தேர்வில் அதே கணக்குப் பாடத்தில் 'ஏ பிளஸ்' வாங்கினாள். இரண்டு விடைத்தாளையும் திருத்தியது கோதாதான். பல்கலைக்கழகத்தின் மனசு விசாலமானது. மதிப்பெண் ஏற்றும் அவர்களுடைய இணையதளத்தில் 'தோல்வி' என்று அடிக்க இடமே வைக்கவில்லை. குறைந்தபட்சம் 'பி', பாவம் பார்த்தால் 'ஏ பிளஸ்.' கோதாவுக்கு இரக்க சுபாவம்.

பெற்றோர் கூட்டத்துக்கு ரத்னா இரவு ஷிப்டு முடித்து, கம்பெனி கோட்டோடு நேரே வந்தாள். கண் சிவந்திருந்தது. இரண்டு தாள்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னா டீச்சர் இது? இது இருபத்தேழுன்னுது. இது ஏ பிளஸ்ன்னுது. எங்க லைன்ல ஒரே பீச ஒரு ஆளு ஓகேன்னும் இன்னொரு ஆளு ரிஜெக்ட்டுன்னும் போட்டா லைனயே நிறுத்திடுவாங்க. ரெண்டு பேரையும் நிக்க வெச்சி யாரு சொல்றது நெசம்னு கேப்பாங்க. இங்க ரெண்டு பேருமே நீங்கதான். நான் யாரக் கேக்கறது?"

கோதா சொல்ல வந்தது ரொம்பச் சின்ன விஷயம். 'பொண்ணைத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த ரெண்டு மணி நேரமும் நான் அடிப்படை சொல்லித் தருகிறேன். நிச்சயம் பாஸ் பண்ணிவிடுவாள்.' வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் இசைவாணிக்கு மட்டுமல்ல, நாற்பத்திரண்டு பேருக்கும் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் வீட்டு வாசலில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்று பித்தளைப் பலகையைக் கழற்ற வேண்டியிருக்கும். மாமியார் பார்த்துக்கொண்டிருப்பார்.

"பள்ளி மதிப்பீடு வேற, கல்லூரி மதிப்பீடு வேறம்மா" என்றார் கோதா. "கல்லூரி லெவல்ல நல்லாவே பண்றா. கவலைப்படாதீங்க."

ரத்னாவின் முகம் தெளிந்துவிட்டது. "நீங்களே சொல்லசொல்ல எனக்கு இன்னா பயம்? புரொபசரு நீங்க" என்று இரண்டு தாள்களையும் ஜாக்கிரதையாக மடித்து எடுத்துக்கொண்டு தூங்கப் போனாள்.

மே மாதம் முடிவுகள் வந்தன. நாற்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் பிளஸ் டூ கணக்கில் தேறவில்லை. இசைவாணி முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும். பலராமன் கலங்கவில்லை. 'கல்லூரித் தேர்வில் நூறு சதவீதத் தேர்ச்சி!' என்று நாற்பத்திரண்டு புகைப்படங்களோடும் புது பிளெக்ஸ் கட்டினார். பல்கலைக்கழகம் ஒரு கடிதம் அனுப்பியது. மாணவர்களின் கிரெடிட்டுகள் பத்திரமாக இருக்கும், பிளஸ் டூ தேறிய சான்றிதழைக் காட்டிப் பெற்றுக்கொள்ளலாம். முதலாண்டுக் கல்லூரியை முடித்துவிட்டு, கல்லூரிக்குள் நுழையத் தகுதி இல்லாமல் நின்ற பத்தொன்பது பேரை உலகம் அதற்கு முன் கண்டதில்லை.

ஜூனில் புது அணி சேர்ந்தது. இந்த முறை அறுபத்தெட்டு பேர். மூன்றே முக்கால் மணிக்குக் கோதா அவர்களோடு மதில் ஓரமாகக் கல்லூரிக்கு நடந்துகொண்டிருந்தபோது, டீக்கடை வாசலில் இசைவாணி நின்றிருந்தாள். கழுத்தில் எந்த நாடாவும் இல்லை. கையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது.

"ஒரு கையெழுத்து வேணும் டீச்சர். அம்மா கம்பெனிலயே நைட்டு ஷிப்டுக்கு எடுக்கறாங்க. பத்தாவது பாஸ் போதுமாம். போன மாசம் எனக்குப் பதினெட்டு முடிஞ்சிது. நம்ம தாளாளர் பஸ்ஸுதான், வூட்டாண்டயே வந்து ஏத்திக்கும்."

"அதுக்கு என் கையெழுத்து எதுக்கு?"

"அப்ளிகேஷன்ல இருபது கிரெடிட்டுன்னு எழுதிட்டேன். காலேஜ் பசங்கன்னா பாதில ஓடிடுவாங்களாம், எடுக்க மாட்டாங்களாம். காலேஜுல நான் ஒண்ணும் படிக்கலன்னு காலேஜுலேந்தே எழுதி வாங்கினு வர சொல்லிட்டாங்க."

"துணைத் தேர்வு இருக்கேம்மா. நாலே மார்க்தானே?"

"மூணு வாரத்துல எல்லாம் வந்துடுமா டீச்சர்? அன்னிக்கு மழையில சொல்லிக் குடுத்தீங்களே மைனஸ், அது வந்த கணக்கு மட்டும்தான் நான் முழுசா போட்டேன். இன்னும் ரெண்டு நாள் மழ பெஞ்சிருந்தா பாஸாகியிருப்பேன்."

அவள் குத்திக்காட்டவில்லை. கணக்கைத்தான் சொன்னாள். அறுபத்தெட்டு பிள்ளைகளும் நீல நாடாவைச் சரிசெய்தபடி அவர்களைத் தாண்டிப் பின்வாயிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கோதா டீக்கடை பெஞ்சில் தாளை வைத்து எழுதினார். 'இசைவாணி என்பவர் எங்கள் கல்லூரியில் எதுவும் படிக்கவில்லை என்று இதன்மூலம் சான்றளிக்கிறேன்.' கீழே கையெழுத்திட்டு, 'இணைப் பேராசிரியர்' என்று சேர்த்தார். அந்தப் பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் கையெழுத்திட்ட காகிதங்களில் உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான்.

இசைவாணி வாங்கி ஒரு முறை படித்துப் பார்த்தாள். அம்மாவைப் போலவே ஜாக்கிரதையாக மடித்தாள்.

"ஒரு வருசம் மிச்சமாவும்னு சொன்னீங்க. மூணு வருசமும் மிச்சம் டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.