ரோலாவில் வாங்கிய பூசணிக்காய்

தூர தேசத்தில் விவசாயம் பார்க்கிறவன் எழுதும் கடிதத்தை நம்பலாம். ஆனால் அவன் தோட்டத்துக் காய் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு நம்புவது நல்லது. அந்த மாதிரிக் கடிதங்களை எழுதியவன் என்கிற தகுதியில் இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் மகள் வீட்டில் பொழுது போகாமல் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறிப் போய், அமெரிக்காவின் எல்லைக் காடுகளில் நிலம் திருத்திய குடியானவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. மண்ணைத் தொட்டால் விளைகிறது, பன்றிகள் தாமாகக் கொழுக்கின்றன, பண்ணையாருக்குக் கும்பிடு போட வேண்டியதில்லை, சித்தப்பாவை உடனே புறப்படச் சொல்லுங்கள் என்கிற ரீதியில் போகின்றன. குளிர்காலத்தில் என்ன தின்றார்கள் என்பதைப் பற்றி மட்டும் மூச்சே இல்லை. நாலு பக்கம் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. அட, இவன் நம்ம ஆள்! இவனுக்கும் ஊரில் ஒரு அத்தான் இருந்திருப்பார்.

என் அத்தானைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில், கிணற்றுப் பாசனம் உள்ள ஒரே ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு மிளகாய் போட்டுக்கொண்டிருந்தவர். என் அக்காவின் வீட்டுக்காரர். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் அச்சிலோ மையிலோ இருக்கிற எதையும் பொய் என்று நினைக்கத் தெரியாதவர். நான் கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. விவசாயம் முடித்தபோது என்னைவிட அவர்தான் அதிகம் பூரித்தார். அதுவரை தன் அண்ணன் பெரியகருப்பனிடம் எல்லா வாதத்திலும் தோற்றுக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு, "எங்க மாப்ளகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லியே ஜெயிக்க ஆரம்பித்தார்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு அரபு தேசத்தில் வேலை கிடைத்தது. ஷார்ஜாவிலிருந்து உள்ளே தள்ளி, தைத் பக்கம் ஒரு தோட்டம். (ஊரில் எல்லோருக்கும் அது துபாய்தான். நான் திருத்தப் போனதில்லை.) தோட்டத்தின் சொந்தக்காரரை நாங்கள் அர்பாப் என்போம். முதலாளி என்று பொருள். பாவம், நல்ல மனிதர். மணலில் காய்கறி விளைய வைக்கும் வித்தை படித்தவன் என்று யாரோ சொன்னதை நம்பி என்னை அழைத்துக்கொண்டவர்.

வித்தை தெரியும்தான். தண்ணீர்தான் உப்பு. எங்கள் தக்காளி முளைத்து வந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுவிடும். விளைந்தது ஒன்றே ஒன்று, ஜத் என்கிற ஆட்டுத் தீவனப் புல். வெள்ளிக்கிழமை தோறும் அர்பாப் வருவார். எங்கள் உரையாடல் மாறாமல் இப்படி இருக்கும்:

"தமாத்தா?"

"மாஃபி, அர்பாப்." (மாஃபி என்றால் இல்லை. அரபியில் நான் முதலில் கற்ற சொல், அதிகம் பயன்படுத்திய சொல்லும் அதுவே.)

"கியார்?"

வெள்ளரியும் மாஃபி.

"ஜத்?"

"வாஜித், அர்பாப்! நிறைய!"

அவர் ஆடுகளைப் பார்ப்பார். ஆடுகள் அவரைத் திருப்தியோடு பார்க்கும். ஆக, பட்டம் பெற்ற புல்லறுப்பவனாக நான் நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் கடிதத்தில் எழுத முடியுமா? அத்தான் என் கடிதங்களை வீட்டில் படிப்பதில்லை. கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில், பெரியகருப்பன் உள்பட ஊரே உட்கார்ந்திருக்கும்போது உரக்கப் படிப்பார். புல் அறுக்கிறேன் என்று அதில் எப்படி எழுதுவது? முதல் கடிதத்தில், தக்காளி வைத்திருக்கிறோம் என்று எழுதினேன். உண்மை. இரண்டாவதில் அது காய்த்தது. மூன்றாவதில் தேங்காய் அளவுக்கு வந்துவிட்டது. அதற்குள் பேரீச்சைகளுக்கு நடுவே ஒரு வாய்க்காலும் வெட்டி, சலசலவென்று ஓடவிட்டிருந்தேன்.

பம்ப் டிரைவர் கான் பாய் என் அறையில் இருந்த பட்டாணியர். ஒருநாள், "க்யா லிக்கா, பாபு?" என்று கேட்டார். என்ன எழுதினேன் என்பதை எனக்குத் தெரிந்த ஹிந்தியில் படித்துக் காட்டினேன். தாடியைத் தடவியபடி முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பாபு, அந்தத் தோட்டம் எங்கே இருக்கிறதென்று சொல். நானும் அங்கேயே டூட்டிக்கு வந்துவிடுகிறேன்."

இந்த நேரத்தில்தான் பூசணிக்காய் வந்தது. சாமான் வாங்க ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவுக்குப் போனபோது, ஒரு மலையாளியின் காய்கறிக் கடையில் மலைமலையாக மஞ்சள் பூசணிக்காய்கள் குவிந்திருந்தன. சுற்றிலும் வைக்கோல். அதில் ஒரு பிடியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். ஊர் ஞாபகத்தில் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு இருப்பதிலேயே பெரிய காயை வாங்கி வந்தேன். லாரியிலிருந்து நானும் கான் பாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கினோம். அன்றே கடிதம் எழுதினேன்: தோட்டத்துப் பூசணியைத் தூக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. (இரண்டு ஆள் என்பது உண்மை என்பதைக் கவனிக்கவும்.)

பதில் வந்தது. "மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அந்தப் பூசணி விதையை அனுப்பவும். இந்த வருசம் மிளகாய் போடவில்லை. கிணற்றடி முழுக்கத் துபாய் விதைதான். பொங்கலுக்கு எடுத்துவிடலாம். அதில் வருவதை வைத்து ஓலையைப் பிரித்துவிட்டு ஓடு போடலாம் என்று உன் அக்காள் சொல்லுகிறாள்."

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் ரோலாவுக்குப் போய் இன்னும் சில காய்களை வாங்கி வந்தேன். கேம்ப்பில் வாரக்கணக்கில் பூசணிக் குழம்பு. விதைகளைக் கழுவி, சாம்பலில் புரட்டி, பம்ப் அறைக் கூரையில் உலர்த்தி, லீவில் போன ஒரு கொத்தனாரிடம் முடிந்து கொடுத்தனுப்பினேன். எங்கள் தோட்டத்துக் காய் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஏதோ ஈரான் சரக்காக இருக்கும், பெரிய ரகம், விளைந்தால் சரிதானே என்று மனசாட்சிக்கும் கொஞ்சம் பூசணிக் குழம்பு ஊற்றினேன்.

அடுத்த தடவை போனபோது கடை வாசலில் லாரி நின்றது. பூசணியும் வைக்கோலும் இறங்கிக்கொண்டிருந்தன.

"இது எந்த நாட்டுச் சரக்கு?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "உங்க நாட்டுச் சரக்குதான் சாரே. பம்பாய்க் கப்பல்ல வருது. வைக்கோலைப் பார்த்தாத் தெரியலையா?"

தெரியவில்லை. நெல் ஒரு மணிகூட விளையாத தேசத்துக்கு வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று, விவசாயப் பட்டதாரிக்குத் தோன்றவில்லை. முகர்ந்து பார்த்து அழத்தான் தோன்றியது.

அன்று உட்கார்ந்து என் வாழ்நாளின் ஒரே முழு உண்மைக் கடிதத்தை எழுதினேன். அத்தான், இங்கே தண்ணீர் உப்பு. தக்காளி கிடையாது, வாய்க்கால் கிடையாது. நான் ஆட்டுக்குப் புல் வளர்க்கிறேன். விதை கடையில் வாங்கிய காயினுடையது, அந்தக் காய் நம் நாட்டிலிருந்து வந்தது. தயவுசெய்து மிளகாயே போடுங்கள். எழுதி முடித்ததும் நெஞ்சில் இருந்த கல் இறங்கிய மாதிரி இருந்தது. கான் பாய்க்கும் படித்துக் காட்டினேன். "இதுதான் நம்ம தோட்டம்" என்று அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

அத்தானின் பதிலை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்வேன். "கடுதாசியைச் சங்கக் கடையில் எல்லோர் முன்பாகவும் உரக்கப் படித்தேன். பெரியண்ணனுக்கு வாயெல்லாம் பல். சிரிக்கட்டும். ஊர்க் கண்ணு படக் கூடாது என்று நீ இப்படி எழுதிய சூட்சுமம் எனக்கா புரியாது? ஆட்டுக்குப் புல் என்று போட்டாயே, அதை ரொம்பவே ரசித்தேன். விதை ஊன்றியாகிவிட்டது. ஒன்று தப்பாமல் முளைத்திருக்கிறது."

அத்தனை பொய்யையும் நம்பிய மனிதர், உண்மையைத் திருஷ்டிக் கழிப்பு என்று ஒதுக்கிவிட்டார். மறுபடி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அதுதான் விதைத்துவிட்டாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதோடு இன்னொன்றும் இருந்தது. அந்த ஒரு ஊரிலாவது நான் தேங்காய்த் தண்டித் தக்காளி வளர்ப்பவனாக இருந்தேன். அந்தப் பதவியை விட மனம் வரவில்லை.

பொங்கலுக்கு லீவில் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினால் அத்தானும் அரை ஊரும் நிற்கிறார்கள். வீட்டுக்குக்கூட விடாமல் நேரே கிணற்றடிக்குக் கூட்டிப் போனார்கள். வரப்பில் ஒரு தகரப் பலகை: 'துபாய்த் தோட்டம்'. அதற்குப் பின்னால், இலைக்கு ஒன்றாக, கண்ணுக்கெட்டிய வரை பூசணிக்காய். நல்ல தண்ணீர், கரிசல் மண், அத்தானின் உழைப்பு. அப்படி ஒரு விளைச்சலை நான் பொய்யில்கூட எழுதியதில்லை.

முதல் காயைப் பறித்து மஞ்சள் குங்குமம் வைத்து, அரிவாளை என்னிடம் நீட்டினார்கள். வெட்டினேன். காய் இரண்டாகப் பிளந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பொங்கல் மாதத்தில் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு வேலியில் தொங்குகிற அதே காய்தான்.

பெரியகருப்பன்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"ஏப்பா, இதே காயி எங்க வீட்டுக் கோழிக்கூட்டு மேல நாலு கெடக்கே. அதுக எப்பப்பா பாஸ்போர்ட்டு எடுத்துச்சு?"

ஒரே சிரிப்பு. அத்தான் காயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஒரு கணத்தில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. ஒப்புக்கொள்ளத்தான் வாயைத் திறந்தேன். அத்தான் முந்திக்கொண்டார்.

"சிரிக்கிறவன்லாம் சிரிங்கப்பா. மெட்ராசுக்குப் போயி ஒரு வருசம் இருந்துட்டு வாரவனே பேச்சு மாறி வாரான். கடல் தாண்டி வந்த வெத மாறாதா? நம்ம மண்ணு அப்படி. எதப் போட்டாலும் தன்ன மாதிரி ஆக்கிப்புடும். எங்க மாப்ள என்ன செய்வாரு?"

பொய் என்றால் வாழ்நாளில் சொல்லி அறியாத மனிதர். முதல் பொய்யை, அதுவும் இவ்வளவு பெரியதை, எனக்காகச் சொன்னார். தேர்ந்தவனான எனக்கே அப்படிச் சரளமாக வராது.

கூட்டம் கலைந்ததும் இருவரும் வரப்பில் உட்கார்ந்தோம்.

"மாப்ள, அந்த ஆட்டுப் புல்லுக் கடுதாசி... நெசமா?"

"ஆமா அத்தான்."

"வாய்க்கா?"

"இல்ல அத்தான்."

ஒரு பூசணிக் கொடியைக் கையால் நீவிக்கொண்டிருந்தார். "மொதல்ல எழுதினியே, அதெல்லாம் படிக்க நல்லா இருந்துச்சு மாப்ள" என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பூசணியை யாரும் வாங்கவில்லை. வீட்டில் காய்க்கிறதைச் சந்தையில் யார் வாங்குவார்கள்? (திருஷ்டிக்கு உடைக்கலாம் என்றால் அதற்கும் வெள்ளைப் பூசணிதான் ஆகும்.) மாடு தின்றது, நாங்கள் தின்றோம், மிச்சத்தைப் பெரியகருப்பன் வீட்டு மாடும் தின்றது. அக்கா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. லீவு முடிந்து நான் புறப்பட்ட அன்று, முற்றத்தில் புதுப் பனையோலை வந்து இறங்கியது. "இந்த வருசமும் ஓலதான்" என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுத்த வருடம் ஓடு போட்டார்கள். என்னால் அல்ல, அத்தானின் மிளகாயால்.

அதற்குப் பிறகு என் கடிதங்கள் சுருங்கிவிட்டன. நலம், வெயில் அதிகம், ஆடுகளும் நலம். "கடுதாசியில ஒண்ணுமே இல்லையே மாப்ள" என்று அத்தான் குறைப்பட்டு எழுதுவார்.

அவர் போய் வெகுகாலமாகிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது அளக்க ஆரம்பித்தால், அது அமெரிக்காவிலிருந்து பேசும் பேரனாக இருந்தாலும், அக்காவின் பிள்ளைகள், "வெத இருந்தா அனுப்பு" என்பார்கள். அதோடு விடுவதில்லை. எந்தக் கல்யாணப் பந்தியில் நான் உட்கார்ந்தாலும், அவர்களில் ஒருவர்தான் எனக்குப் பரிமாற வருவார். முதலில் இலை நடுவில் ஒரு பெரிய பூசணித் துண்டு. அதன் மேல் குவியலாகச் சோறு, துண்டு வெளியே தெரியாதபடி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு எங்கள் வீட்டு மரியாதை.

போன வைகாசியில் என் பேத்தி கல்யாணத்திலும் வைத்தார்கள். வழக்கம் போலச் சோற்றை விலக்கி, துண்டை எடுத்துத் தின்றேன். எதிர் வரிசையில் அக்கா. காது மந்தம், அதனால் குரல் பெரிது.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாருக்குக்கா. உப்புதான் கொஞ்சம் கம்மி" என்றேன்.

"உப்பா?" என்றாள் அக்கா, பந்தி முழுக்கக் கேட்கும்படி. "அது உன் தோட்டத்துல வெளஞ்சதுதானடா. வரும்போது கொஞ்சம் கொண்டாந்திருக்கக் கூடாது?"